மாடக்குழியிலிருந்து மஞ்சப்பைக்கு

ஆச்சிக்குப் பதினாறு முடிந்த மறுநாள், அவள் கட்டில் தலைமாட்டில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்த மஞ்சப்பையை அம்மா கழற்றி என் கையில் கொடுத்தாள். "இதுல என்னென்ன கெடக்குன்னு பார்த்துத் தூரப் போட்ருய்யா" என்றாள். ஏதோ கல்யாண வீட்டில் தேங்காய் பழம் போட்டுக் கொடுத்த பை. மணமக்கள் பெயர் வெளுத்துப்போய், "நல்வரவை விரும்பும்" மட்டும் மிச்சமிருந்தது.

திண்ணையில் துண்டை விரித்துப் பையைக் கவிழ்த்தேன். மாத்திரை அட்டைகள், முழுசாக இல்லை, துண்டு துண்டாக. நாலு மாத்திரை, மூன்று மாத்திரை, சிலதில் ஒன்றே ஒன்று. பல துண்டுகளில் மருந்தின் பெயர் பாதியில் அறுந்திருந்தது. காலாவதித் தேதி அநேகமாக எதிலும் இல்லை. அது எப்போதும் அட்டையின் ஒரு ஓரத்தில்தான் அச்சாகியிருக்கும், அந்த ஓரம் கடைக்காரரிடமே தங்கிவிடும். தமிழ்நாடு அரசு முத்திரை போட்ட அட்டைகள் தனியாக ரப்பர் பேண்ட் சுற்றி இருந்தன. ஒரு துண்டு வசம்பு. மடித்து மடித்துக் கிழிந்த ஓ.பி. சீட்டுகள். இவ்வளவுதான்.

ஒரு பாட்டில்கூட இல்லை. தைலக் குப்பிகூட இல்லை.

அதை அன்றைக்கு நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. விளாத்திகுளத்தில் எங்கள் வீட்டில் இருமல் மருந்து, தைலம், விளக்கெண்ணெய் எல்லாம் எப்போதுமே ஆச்சியின் டிரங்குப் பெட்டிக்குள் பூட்டுக்குள்தான் இருந்தன. சாவி அவள் இடுப்பில். சின்ன வயதில் எங்களுக்கு இருமல் வந்தால் அவள்தான் பெட்டியைத் திறப்பாள். பாட்டிலைத் திறந்து முதலில் மோந்து பார்ப்பாள். அப்புறம் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்குவாள். கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருப்பாள். அதற்கப்புறம்தான் எங்களுக்கு. இனிப்பு மருந்தைத் திருட்டுத்தனமாக ருசி பார்க்கிறாள் என்று நானும் தங்கச்சியும் சிரிப்போம்.

காரணம் பிறகுதான் தெரிந்தது. அதைச் சொல்வதற்கு முன் மருந்து என்ற சொல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்கள் பக்கம் அந்தச் சொல்லைத் தனியாக விட்டால் அது எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. "மருந்து வாங்கப் போயிருக்காரு" என்றால் மெடிக்கலுக்கா, உரக்கடைக்கா என்று திருப்பிக் கேட்க வேண்டும். "மருந்தடிக்கப் போறேன்" என்றால் பருத்திக்கோ மிளகாய்க்கோ. கோவில்பட்டிப் பக்கம் தீப்பெட்டி ஆபீசில் குச்சியை முக்குவதும் மருந்தில்தான். "மருந்து வச்சிட்டா" என்றால் அது வேறு கதை. "மருந்தைக் குடிச்சிட்டா" என்று யாராவது ஓடிவந்து சொன்னால் யாரும் எந்த மருந்து என்று கேட்பதில்லை, வண்டியைத்தான் தேடுவார்கள். உயிர் காப்பதற்கும் உயிர் எடுப்பதற்கும் ஒரே சொல் இருக்கிற ஊரில், மருந்தை வீட்டில் எங்கே வைப்பது என்பது சாதாரணக் கேள்வி இல்லை.

ஆச்சி பிறந்த காலத்து வீட்டில் மருந்துக்கென்று ஓர் இடம் கிடையாது. தேவையும் இல்லை. பாதி மருந்து வேலியில் இருந்தது. பிரண்டை, வேலிப்பருத்தி, குப்பைமேனி, தும்பை எல்லாம் வேண்டும்போது பறிப்பவை, சேர்த்து வைப்பவை அல்ல. அடுத்த பாதி அஞ்சறைப் பெட்டியில் சமையலோடு சமையலாகக் கிடந்தது. சுக்கு, மிளகு, ஓமம், பெருங்காயம். உண்மையில் 'சேமித்து' வைக்க வேண்டியிருந்தது பச்சைப்பிள்ளைக்கான உரைமருந்தைத்தான். ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காய், வசம்பு. இதில் எதுவும் கரிசலில் விளைவதில்லை. மாசிக்காய் பாரசீகப் பக்கத்திலிருந்தும் ஜாதிக்காய் தெற்கே கடல் கடந்தும் வந்த சரக்கு. வசம்பு ஈர மண்ணில், தண்ணீர் ஓரம் வளர்வது. வைப்பாறே வருஷத்தில் பாதி நாள் மணலாகக் கிடக்கிற ஊருக்கு அது எங்கிருந்தோ வர வேண்டும். அதனால் அதற்கு மரியாதை. இருட்டிய பிறகு பெயரைச் சொல்ல மாட்டார்கள், "பேர் சொல்லாதது" என்பார்கள். ஓலைக்கொட்டானில் போட்டு, விட்டத்திலிருந்து தொங்கும் உறியில் வைத்துவிடுவார்கள். எலி ஏறாது, பிள்ளைகளுக்கு எட்டாது, அடுப்புப் புகை பட்டுப் பூச்சியும் அண்டாது. இதைவிட நல்ல மருந்து அலமாரியை அந்த வீட்டில் யாரும் செய்திருக்க முடியாது என்றே நினைக்கிறேன்.

வேடிக்கை என்னவென்றால், இதே காலத்தில் உலகத்து மருந்து அலமாரிகளில் எங்கள் சீமையின் பெயர் ஒட்டியிருந்தது. நிலாவாரை என்கிற நிலவாகை. எங்கள் பக்கத்து சம்சாரிகள் சிலர் அவுரி என்றும் சொல்வார்கள். மலச்சிக்கலுக்கான அந்த இலை பழைய திருநெல்வேலி மாவட்டத்து மானாவாரி நிலங்களில் விளைந்து, உலர்ந்து, தூத்துக்குடித் துறைமுகம் வழியாக ஐரோப்பாவுக்குப் போனது. ஆங்கில மருந்து நூல்களில் அதன் பெயரே 'டின்னவெல்லி சென்னா'. லண்டன் மருந்துக்கடையின் கண்ணாடி ஜாடியில் லேபிள் ஒட்டி, மூடி போட்டு இருந்தது எங்கள் ஊர்ப்பக்கத்து இலை. இங்கே அது களத்தில் காய்ந்து, சாக்கில் அடைந்து, வண்டியேறிப் போய்விடும்.

வெளியிலிருந்து கிராமத்து வீடுகளுக்குள் வந்த முதல் 'அச்சடித்த' மருந்துகளில் ஒன்று கொய்னா. மலேரியாவுக்கு. 1892-ல் வங்காளத்தில் தபாலாபீஸ் வழியாக காலணாப் பொட்டலமாக விற்கத் தொடங்கினார்கள், பிறகு மற்ற மாகாணங்களுக்கும் அந்த ஏற்பாடு பரவியது. நம் பக்கத்துச் சரக்குக்கு நீலகிரியில் நடுவட்டத்தில் அரசாங்கத் தொழிற்சாலையே இருந்தது. கடிதம் வருகிற இடத்திலிருந்து காய்ச்சல் மருந்தும் வந்தது. வாங்கிய அன்றே கரைத்துக் குடித்துவிட வேண்டிய ஒரு வேளைப் பொட்டலம். வீட்டில் வைத்துக்கொள்ளும் கவலையே இல்லை.

அந்தக் கவலை கண்ணாடி பாட்டிலோடுதான் வீட்டுக்குள் வந்தது.

தர்மாஸ்பத்திரிக்குப் போவதென்றால் பாட்டிலைக் கழுவி எடுத்துக்கொண்டு போக வேண்டும். இதை இன்றைக்கு இருபது வயதில் இருப்பவர்களிடம் சொன்னால் நம்புவதில்லை. ஆஸ்பத்திரி மருந்துதான் கொடுக்கும், பாட்டில் கொடுக்காது. கம்பவுண்டர் பெரிய ஜாடியிலிருந்து ரோஸ் கலர் மிக்சரையோ வேறு நிறத்து மிக்சரையோ ஊற்றுவார். வெள்ளைத் தாளை நீளமாக மடித்து, ஓரத்தில் கத்தரியால் சின்னச் சின்னப் பல்லாக வெட்டி, பசை தடவி பாட்டிலின் பக்கவாட்டில் ஒட்டுவார். ஒரு பல் ஒரு வேளை. எழுத்துத் தெரியாதவருக்கும் அளவு தெரியும். அருமையான ஏற்பாடு. ஆனால் அந்தத் தாள் 'எவ்வளவு' என்று மட்டும்தான் சொல்லும், 'என்ன' என்று சொல்லாது.

பாட்டில் அப்போது அருமையான பொருள். கிராம்பு நிற விஸ்கி பாட்டில், கிரைப் வாட்டர் பாட்டில், சோடா புட்டி எதுவும் குப்பைக்குப் போகாது. கிரைப் வாட்டர் 1851-ல் இங்கிலாந்தின் நாட்டிங்காமில் வில்லியம் உட்வர்ட் என்பவர் தயாரித்தது, இங்கே அதன் பாட்டில் பிள்ளை வளர்ந்து பள்ளிக்கூடம் போன பிறகும் மண்ணெண்ணெய் அளக்க வீட்டில் இருக்கும். அமிர்தாஞ்சன் 1893-ல் பம்பாயில் காசிநாதுனி நாகேஸ்வர ராவ் தொடங்கி 1914-ல் சென்னைக்கு இடம்பெயர்ந்த கம்பெனி. அந்த மஞ்சள் தைலம் தீர்ந்ததும் குப்பியில் திருநீறு, கோரோசனை, சில வீடுகளில் திரி போட்டுச் சிமினி விளக்கு. ஒரு பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது என்பதை அதன் மேல் இருக்கும் பெயர் சொல்லாது. வீட்டில் இருக்கும் பொம்பளைதான் சொல்ல வேண்டும்.

இந்தப் பாட்டில்கள் எல்லாம் போய்ச் சேர்ந்த இடம் மாடக்குழி. மண்சுவரில் விளக்கு வைக்க விட்ட பிறை. கரிசல் மண் மழைக்கு ஊதி வெயிலுக்குச் சுருங்குகிற மண், சுவர் வெடிக்கும், அலமாரி பொருத்த முடியாது. கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கும் ஒரே தட்டு மாடக்குழிதான். விளக்கு, தீப்பெட்டி, சீப்பு, விபூதி, மிக்சர் பாட்டில்.

பருத்தியின் கதை இங்கே குறுக்கே வருகிறது. கோவில்பட்டியில் 1901-லிருந்து இயங்கும் வேளாண் ஆராய்ச்சிப் பண்ணையில் பல காலம் ஆய்ந்தது கருங்கண்ணி என்ற நாட்டுப் பருத்தியைத்தான். குட்டை இழை, குறைந்த விலை, ஆனால் வானம் பார்த்து நிற்கும், பூச்சிக்கு ஓரளவு தாங்கும். நீண்ட இழைப் பருத்திகள் பரவியபோது கூடவே மருந்தும் வந்தது. எண்டிரின். அறுபதுகள் எழுபதுகளில் எங்கள் பக்கம் அந்தப் பெயர் தெரியாத சம்சாரி கிடையாது. டின் விலை கூடுதல் என்பதால் இரண்டு மூன்று பேர் பங்கு போட்டு வாங்குவார்கள். பங்கு பிரிப்பது எதில்? வீட்டிலிருந்து கொண்டு வந்த பாட்டிலில்.

என் அம்மாவுக்கு ஒரு தங்கச்சி இருந்திருக்கிறாள். இது எனக்கு ஆச்சியின் பதினாறு முடிந்த மறுநாள் சாயங்காலம்தான் தெரியும். பை கவிழ்த்துப் போட்டிருந்த துண்டின் பக்கத்தில் வந்து உட்கார்ந்த பெரியம்மா, "பாட்டிலு ஒண்ணுகூட இருக்காதே" என்றாள், கேள்வி மாதிரி இல்லாமல். அப்புறம் சொன்னாள். பிள்ளைக்கு நாலு வயசு. கக்குவான் மாதிரி இருமல். தர்மாஸ்பத்திரி மிக்சர் மாடக்குழியில். அதே மாதிரி இன்னொரு பாட்டில், பழைய அளவுத் தாள் கழுவியும் போகாமல் ஒட்டியிருந்தது, அன்றைக்குச் சாயங்காலம்தான் பங்கு பிரித்துக் கொண்டுவந்தது, பரணில் போட வேண்டியது, கை வேலையில் மாடக்குழியில் வைத்துவிட்டார்கள். ராத்திரி. அரிக்கேன் வெளிச்சம். பிள்ளை இருமி இருமி எழுந்திருக்கிறது.

"யாரு ஊத்திக் குடுத்தா பெரியம்மா?"

"அத யாரும் யாரையும் கேட்டதில்ல" என்றாள். அவ்வளவுதான். எழுந்து மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டாள்.

எங்கள் வீட்டில் மட்டும் நடந்த காரியம் இல்லை இது. பூச்சிமருந்தைச் சட்டத்துக்குள் கொண்டுவரும் பேச்சே ஒரு 'வைத்த இடம்' தவறியதால்தான் இந்தியாவில் சூடுபிடித்தது. 1958-ல் கேரளத்தில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். கப்பலில் மாவுமூட்டைகளோடு சேர்த்து ஏற்றிய பாரத்தியான் (ஃபாலிடால் என்ற பெயரில் விற்றது) கசிந்து மாவில் கலந்திருக்கிறது. விசாரணைக் கமிஷன் போட்டார்கள். பத்து வருஷம் கழித்து 1968-ல் பூச்சிக்கொல்லிச் சட்டம் வந்தது. 1971 விதிகள்படி டின்னிலும் பாட்டிலிலும் சாய்சதுரம் போட்டு, அதன் கீழ்ப்பாதியில் நிறம் காட்ட வேண்டும். சிவப்பு கொடிய விஷம், அடுத்து மஞ்சள், நீலம், பச்சை. எழுத்து வாசிக்கத் தெரியாதவருக்கும் புரிய வேண்டும் என்றுதான். சரியான யோசனைதான். ஆனால் பங்கு பிரிக்கிற பாட்டிலுக்கு அந்தச் சாய்சதுரம் கூட வராது. எண்டிரினுக்கு இந்தியாவில் தடை வந்தது 1990-ல்.

விஷத்தை எங்கே வைப்பது என்று பிற்காலத்தில் ஆராய்ச்சியே செய்திருக்கிறார்கள். கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் கிராமங்களில், சென்னை சிநேகா அமைப்பைச் சேர்ந்த டாக்டர் லட்சுமி விஜயகுமாரும் மற்றவர்களும் ஊருக்குப் பொதுவாக ஓர் அறை கட்டி, வங்கி லாக்கர் மாதிரி பெட்டிகளில் சம்சாரிகள் பூச்சிமருந்தை வைத்துக்கொள்ளும் ஏற்பாட்டைச் சோதித்தார்கள். அந்த ஆய்வு 2013-ல் வெளியானது. வீட்டுக்குள் வராமலே வைத்திருக்கலாம் என்ற யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. இலங்கையில் அனுராதபுரம் மாவட்டத்தில் இதைவிடப் பெரிதாக, 180 ஊர்களில் ஒரு சோதனை: பாதி ஊர்களில் வீட்டுக்கு வீடு பூட்டுப் போட்ட பெட்டி கொடுத்தார்கள். 2017-ல் லான்செட் இதழில் முடிவு வந்தது. பூட்டுப் பெட்டியால் விஷம் குடிப்பது குறையவில்லை. அதே இலங்கையில் 1995-ல் மிகக் கொடிய மருந்துகளையும் 1998-ல் எண்டோசல்பானையும் விற்பனையிலிருந்தே எடுத்துவிட்டார்கள். பத்து வருஷத்தில் தற்கொலை விகிதம் ஏறத்தாழப் பாதியானது. பூட்டு செய்யாததைத் தடை செய்தது. சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு நாற்பது வருஷம் நடந்த ஆச்சியிடம் இதைச் சொல்லியிருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று தெரியவில்லை. கடையிலேயே இல்லாவிட்டால் பூட்டு எதற்கு என்பாளாக இருக்கும். பெட்டியைத் திறந்தும் வைத்திருக்க மாட்டாள்.

அவள் பாட்டிலைத்தான் நம்பவில்லை, மாத்திரையை நம்பினாள். மாத்திரை பார்வைக்கு மாத்திரையாகவே இருக்கும், அதை வேறொன்றாக ஊற்றி வைக்க முடியாது. முதலில் அதுவும் ஆஸ்பத்திரியில் பொட்டலமாகத்தான் வந்தது, பழைய பேப்பரைக் கிழித்து மடித்து. மழைக்காலத்தில் ஆஸ்பிரின் பொட்டலத்தைப் பிரித்தால் காடி வாடை அடிக்கும். ஈரம் பட்டால் அது சிதைந்து அசெடிக் அமிலமாகிறது என்று நான் பிளஸ் டூவில் படித்தேன். அவளோ "புளிச்ச மாத்திரை" என்று முன்பே தூரப் போட்டுவிடுவாள். 1994-ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தொடங்கப்பட்ட பிறகு அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரைகள் அட்டையில் வரத் தொடங்கின, அரசு முத்திரையோடு. மற்ற மாநிலங்கள் வந்து பார்த்துப் போன ஏற்பாடு அது. ஒரு மாத்திரைக்கு ஒரு குழி, ஒவ்வொன்றும் தனித்தனியே மூடி. கரிசல் வீட்டுக்கு மாடக்குழியைவிட நல்ல குழி.

அட்டைகள்தான் ஆணிக்கு வந்தன, பிறகு பைக்கு. அட்டையை ஆணியில் குத்தித் தொங்கவிட்ட வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். 2006-க்குப் பிறகு அரசு கலர் டிவி வந்த வீடுகளில் மருந்தும் டிவி மேலே ஏறியது. டிவிக்கு உறை தைத்துப் போட்டு, அதன் மேல் சாமி படம், அதன் பக்கத்தில் மாத்திரை. சீரியல் ஓடுகிற மூன்று மணி நேரமும் அடியிலிருந்து சூடு ஏறும். அட்டையில் '30 டிகிரிக்குக் கீழ் வைக்கவும்' என்று பொடி எழுத்தில் இருக்கிறது. சித்திரை வைகாசியில் விளாத்திகுளத்தில் 30 டிகிரிக்குக் கீழே ஓர் இடத்தைக் காட்டுங்கள் பார்ப்போம். பழைய மண்சுவர் ஓலைக்கூரை வீடாவது கொஞ்சம் குளுமையாக இருந்தது. இப்போதைய தார்சு வீட்டில் ராத்திரி பத்து மணிக்கும் சுவரில் கை வைக்க முடியாது.

எங்கள் தெருவில் இன்சுலின் போடும் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் இருக்கிறார். 1922 ஜனவரியில் டொராண்டோவில் பதினாலு வயதுப் பையன் லியனார்ட் தாம்சனுக்கு முதன்முதலாகப் போட்ட மருந்து. திறக்காத குப்பியை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். வாத்தியார் வீட்டு ஃப்ரிட்ஜ் கரண்ட் போகும்போதெல்லாம் சூடாகிவிடும். அதனால் புழக்கத்தில் இருக்கிற குப்பியை அவர் மண்பானையில் வைத்திருக்கிறார். பெரிய பானையில் ஈர மணல், அதற்குள் சின்னக் கலயம், வாயில் ஈரத்துணி. காற்று வறண்டிருந்தால்தான் தண்ணீர் வேகமாக ஆவியாகும், பானை குளிரும். கடற்கரை ஊரில் இது இவ்வளவு எடுபடாது. எங்கள் காய்ச்சல் காற்று ஒன்றுக்காவது உதவுகிறது. "ஃப்ரிட்ஜுல முட்டை வைக்கிற எடத்துல வைக்கிறதுக்கு இது தேவலை தம்பி, பேரன் கை வைக்க மாட்டான்" என்றார்.

கடைசி வருஷங்களில் ஆச்சிக்கு மாத்திரை வீட்டு வாசலுக்கே வந்தது. 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம். கையில் பையோடு ஒரு பெண் வருவார், பிரஷர் பார்ப்பார், எண்ணிக் கொடுப்பார். ஆச்சி அந்த அட்டைகளை மட்டும்தான் ரப்பர் பேண்ட் போட்டுத் தனியாக வைத்திருந்தாள். வெட்டாத அட்டை. மெடிக்கலில் "பத்து வேண்டாம், நாலு குடுங்க" என்று கேட்டு வாங்கியவை மற்றவை. கையில் இருக்கிற காசுக்கு வாங்குவது அப்படித்தான், கடைக்காரர் கத்தரியை எடுத்து வெட்டுவார், தேதி அந்தப் பக்கம் போய்விடும். அதே பாட்டில் கதைதான். பங்கு பிரித்தால் பெயர் தொலைந்துவிடும். எழுத்தை நம்பி இல்லாததால் அவள் மாத்திரையின் நிறத்தையும் உருவத்தையும் வைத்து அடையாளம் சொன்னாள். "வெள்ளைல சின்னது பிரஷருக்கு, நீளம் சுகருக்கு." கம்பெனி மாறி ஒரு மாசம் சின்னது மஞ்சளாக வந்தபோது நாலு நாள் சாப்பிடாமல் வைத்திருந்தாள், நான் போனில் படித்துச் சொல்கிற வரைக்கும். பூச்சிமருந்துக்கு நிறம் விதித்த நாட்டில் பிரஷர் மாத்திரைக்கு ஒரு நிறம் விதிக்க யாருக்கும் தோன்றவில்லை.

பையில் இருந்ததை எல்லாம் நான் தூரப் போடவில்லை. வெட்டாத அட்டைகளைத் தேதி பார்த்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்துவிட்டேன். துண்டுகளை உரித்து, மண்ணோடு கலந்து, குழி தோண்டிப் புதைத்தேன். ஆணியில் இப்போது வேறு மஞ்சப்பை. அம்மாவுடையது.

போன தீபாவளிக்குப் போயிருந்தபோது என் மகளுக்கு இருமல். மெயின் ரோட்டு மெடிக்கலில் புது சிரப் வாங்கி வந்தேன். சீல் வைத்த பாட்டில், பெட்டிக்குள் அளவு மூடி, தேதி, எல்லாம் அச்சில். அம்மா கையை நீட்டினாள். மூடியைத் திருகி உடைத்தாள், மோந்தாள். உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கினாள்.

"சீல் வச்சதும்மா" என்றேன்.

"இருக்கட்டும்" என்றாள். பிள்ளை இருமிக்கொண்டே நின்றது. அம்மா கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாள்.